பால் பொங்கிடுச்சா என்று கேளுங்கள்

பொங்கலன்று காலை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் அதே கரும்பு, அதே பானை, அதே சூரியன். இரண்டு படங்களில் போன வருஷத்துத் தேதி வேறு! யார் வாழ்த்தினார்கள் என்பதே மனதில் நிற்பதில்லை.

கும்பகோணம் பக்கம் பெரியவர்கள் வாழ்த்தைக் கேள்வியாகவே கேட்பார்கள். பொங்கலென்றால் "பால் பொங்கிடுச்சா?", தீபாவளிக்குச் சில வீடுகளில் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" கேள்வி என்றால் பதில் வந்துதானே ஆக வேண்டும். போன பொங்கலுக்கு நானும் அப்படி எழுதி, எங்கள் வாசல் பானையைப் படம் எடுத்துப் போட்டேன். கழுத்தில் மஞ்சள் கொத்து, ஒரு பக்கம் பால் வழிந்து கரியோடு கோடு போட்டிருந்தது. "எங்க வீட்ல அடி பிடிச்சிடுச்சு அக்கா" என்று உடனே ஒரு பதில். அப்புறம் மதியம் வரை பேச்சுதான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இருக்காது. அவர்களுக்குத் தனியாக வாழ்த்து அனுப்ப வேண்டாம். ஒரு போன் போட்டு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் போதும். பிராட்காஸ்ட் பட்டியல் வைத்து மொத்தமாக அனுப்புகிறவர்கள் அந்தப் பெயரை முதலில் எடுத்துவிடுங்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

போன் நிரம்பி வழிகிறதா? வாட்ஸ்அப் செட்டிங்ஸுக்குப் போய், படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள்.