சாயம் பேசட்டும், பின்னல் அடங்கியிருக்கட்டும்: கைச்சாய நூலில் முதல் ஜோடி சாக்ஸ்

கையால் சாயமிட்ட நூல் ஒரு சிட்டம் (வளையமாகச் சுற்றி முறுக்கிய நூற்கட்டு) கைக்கு வந்தவுடன் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நூல் இவ்வளவு அழகாக இருக்கிறதே, இதற்கேற்ற மாதிரி இலையும் கொடியும் ஓட்டைப் பின்னலுமாக ஏதாவது பின்ன வேண்டும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நீலம், ஊதா, மஞ்சள் என்று மூன்று நிறம் கலந்த நூலில் மூன்று வாரம் கொடி பின்னினேன். முடித்த பிறகு பார்த்தால் கொடியைக் காணோம், நிறம்தான் தெரிந்தது. அதனால் இங்கே சொல்லப்போவது அலங்காரமே இல்லாத, வெறும் நேர்ப்பின்னல் சாக்ஸ்.

நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் உங்களுக்குப் போட வரும் என்று வைத்துக்கொள்கிறேன். வட்டமாகப் பின்னிய பழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நூலும் ஊசியும்

சாக்ஸ் நூல் என்றால் பொதுவாக 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வரும் மெல்லிய நூல். 75 சதவீதம் மெரினோ கம்பளி, 25 சதவீதம் நைலான் என்ற கலவையே எடுங்கள். நைலான் இல்லாத மெரினோ தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும். 'சூப்பர்வாஷ்' செய்த கம்பளிதானா என்றும் பாருங்கள். அந்தப் பதம் செய்யாத கம்பளி வெந்நீரும் உரசலும் பட்டால் சுருங்கித் தடித்துப்போகும்.

ஊசி 2.25 அல்லது 2.5 மி.மீ., இரு முனையும் கூராக உள்ள ஐந்து ஊசி கொண்ட செட். நான்கு ஊசியில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், இருக்கும், ஐந்தாவதால் பின்னுவோம்.

சிட்டத்தை அப்படியே பின்னாதீர்கள்

முதலில் சாயம் போகிறதா என்று பாருங்கள். நூலின் ஒரு முனையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். அடர்சிவப்பு, கருநீலம் போன்றவை கொஞ்சம் கறை விடுவது சகஜம். நிறைய விட்டால், சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் நீரும் சிறிது வினிகரும் ஊற்றி, சிட்டத்தை நான்கைந்து இடத்தில் தளர்வாகக் கட்டி அதில் போட்டு, கொதி வராத சூட்டில் அரை மணி நேரம் வையுங்கள். அதே நீரிலேயே ஆறவிட வேண்டும். கம்பளிக்குப் போடும் அமிலச் சாயம் சூடும் புளிப்பும் சேர்ந்தால்தான் இழையைப் பிடிக்கும். குளிர்ந்த நீரில் வினிகர் ஊற்றி அலசுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

காய்ந்த பின் சிட்டத்தின் முறுக்கை அவிழ்த்து நாற்காலி முதுகில் மாட்டி, உருண்டையாகச் சுற்றுங்கள். எடைத் தராசு இருந்தால் 50 கிராம் வந்தவுடன் வெட்டி இரண்டு உருண்டையாக்கிவிடுங்கள். முதல் சாக்ஸுக்கு எவ்வளவு நூல் போகலாம் என்ற கவலை அதோடு தீர்ந்தது.

அளவு

பாதத்தின் அகலமான இடத்தைச் சுற்றி அளந்து பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். சாக்ஸ் கொஞ்சம் இழுபட்டால்தான் காலில் நிற்கும். 22 செ.மீ. பாதத்துக்கு 20 செ.மீ. சாக்ஸ். என் கைக்கு 10 செ.மீ. அகலத்தில் 32 கண்ணி விழும், ஆக 64 கண்ணி. உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பது சின்ன மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தால்தான் தெரியும். கீழே உள்ள கணக்கு எல்லாம் 64க்கு.

மேல்விளிம்பும் கணுக்கால் வரையும்

64 கண்ணியைத் தளர்வாக ஏற்றுங்கள். இந்த விளிம்பு இறுகினால் குதிகால் உள்ளே நுழையாது. ஊசிக்கு 16 வீதம் நான்காகப் பிரித்து, வரிசை எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வட்டமாகச் சேருங்கள். முறுக்கோடு சேர்த்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வழியே இல்லை.

இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 15 சுற்று. அப்புறம் மொத்த நீளம் 15 செ.மீ. ஆகும் வரை எல்லாமே நிட். ஓர் ஊசியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் ஏணி மாதிரி இடைவெளி விழுந்தால், புது ஊசியின் இரண்டாவது கண்ணியைப் போடும்போது நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள்.

நிறம் எப்படி விழுகிறது என்பது இந்தப் பகுதியில் தெரிந்துவிடும். சிட்டத்தில் நிறங்கள் ஒரே நீளத்தில் திரும்பத் திரும்ப வரும். ஒரு சுற்றுக்குச் செலவாகும் நூலின் நீளமும் அந்த நீளமும் பொருந்திவிட்டால், ஒரே நிறம் ஒரே இடத்தில் அடுக்கடுக்காகச் சேர்ந்து திட்டு கட்டும். சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் இரண்டு கண்ணி கூட்டியோ குறைத்தோ, ஊசியை ஒரு அளவு மாற்றியோ பாருங்கள், திட்டு கலைந்துவிடும். அதுவும் போதாதென்றால் வெட்டி வைத்த இரண்டு உருண்டையையும் எடுத்து, இரண்டு சுற்றுக்கு ஒன்று என மாற்றி மாற்றிப் பின்னலாம். இழுத்துக்கொண்டு திரிய எரிச்சலாக இருக்கும், ஆனால் பலன் உறுதி.

குதிகால்

பயப்பட வேண்டிய இடமில்லை, எண்ண வேண்டிய இடம். 32 கண்ணியை ஒரே ஊசிக்கு மாற்றுங்கள், மற்ற 32 சும்மா காத்திருக்கட்டும். இனி வட்டம் இல்லை, போய்த் திரும்பும் வரிசைகள்தான். வெளிப்பக்கம்: ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்துங்கள், அடுத்ததை நிட் போடுங்கள், இப்படியே கடைசி வரை. உள்பக்கம்: முதல் கண்ணியை நகர்த்தி, மீதியெல்லாம் பர்ல். இப்படி 32 வரிசை. இரு ஓரத்திலும் 16 சங்கிலிக் கண்ணி தெளிவாகத் தெரியும்.

கணுக்காலில் மெல்லிய கோடாக ஓடிய நிறம் இங்கே தடித்த பட்டையாகும். வரிசையில் கண்ணிகள் பாதியாகிவிட்டன அல்லவா, அதனால்தான். நூலில் கோளாறு இல்லை.

இனிக் குதிகாலை வளைக்க வேண்டும்.

முதல் வரிசை: 1 நகர்த்தி, 16 நிட், இடச்சாய்வாக ஒரு குறைப்பு, 1 நிட், திரும்புங்கள். இடச்சாய்வுக் குறைப்பு என்பது இரண்டு கண்ணியை நிட் போடுவது போல ஒவ்வொன்றாக நகர்த்தி, இரண்டையும் பின்பக்க வளையம் வழியாகச் சேர்த்து நிட் போடுவது.

இரண்டாம் வரிசை: 1 நகர்த்தி, 3 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், 1 பர்ல், திரும்புங்கள். இரு பக்கமும் 12 கண்ணி மிச்சம் நிற்கும், சரிபாருங்கள்.

மூன்றாவதிலிருந்து எண்ணவே வேண்டாம். திரும்பிய இடத்தில் ஒரு சந்து தெரியும். 1 நகர்த்தி, சந்துக்கு முந்தைய கண்ணி வரை பின்னி, சந்தின் இருபுறக் கண்ணியையும் ஒன்றாக்கி, இன்னொன்று பின்னித் திரும்புங்கள். மிச்சக் கண்ணிகள் தீரும்போது ஊசியில் 18 இருக்கும், கிண்ணம் போல ஒரு குழிவும் வந்திருக்கும். முதல் தடவை அது உருவாவதைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவரை எழுப்பிக் காட்டினேன்.

மீண்டும் வட்டம்

18ஐயும் நிட் போட்டு, பக்கவாட்டுச் சங்கிலியிலிருந்து 16 கண்ணி எடுங்கள். மூலையில் ஓட்டை விழாதிருக்க இன்னொன்றும் எடுங்கள். காத்திருந்த 32ஐப் பின்னுங்கள். அடுத்த பக்கமும் அதே 17. மொத்தம் 84.

இதை 64க்கு இறக்க வேண்டும். ஒரு சுற்றில், புறங்கால் கண்ணிகள் (காத்திருந்த அந்த 32) தொடங்க மூன்று கண்ணி இருக்கும்போது இரண்டைச் சேர்த்து நிட் போட்டு, 1 நிட். புறங்காலின் 32 சும்மா நிட். அதைத் தாண்டியதும் 1 நிட், இடச்சாய்வுக் குறைப்பு. அடுத்த சுற்று குறைப்பில்லாமல். இருபது சுற்றில் முடிந்துவிடும். கண்ணி எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதால் நிறம் இங்கே தாறுமாறாகப் போகும். விட்டுவிடுங்கள், செருப்புக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.

பாதமும் விரல் நுனியும்

சாக்ஸ் பாதத்தைவிட ஒன்று, ஒன்றரை செ.மீ. குட்டையாக இருக்க வேண்டும். 24 செ.மீ. பாதமென்றால் குதிகாலின் பின்விளிம்பிலிருந்து 18 செ.மீ. வரை நேராகப் பின்னிவிட்டு நுனியைத் தொடங்குங்கள்.

கண்ணிகளை மேல் 32, கீழ் 32 என்று பிரித்து, ஒவ்வொரு பாதியிலும்: 1 நிட், இடச்சாய்வுக் குறைப்பு, கடைசி மூன்று வரை நிட், இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். ஒரு சுற்று குறைத்து, ஒரு சுற்று குறைக்காமல், மொத்தம் 32 ஆகும் வரை. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16க்கு வாருங்கள்.

30 செ.மீ. வால் விட்டு நூலை வெட்டி, எட்டும் எட்டுமாக இரண்டு ஊசியில் இணையாகப் பிடியுங்கள். தையலூசியில் நூல் கோத்து, முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் போலவும் பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட் போலவும் நுழைத்து, இரண்டையும் ஊசியிலேயே விடுங்கள். இனி ஒரே சுழற்சி: முன்னால் நிட் போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் பர்ல் போல நுழைத்து விடு, பின்னால் பர்ல் போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் நிட் போல நுழைத்து விடு. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள்.

முதல் சில தடவை தனியாக, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

இரண்டாவது சாக்ஸை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள், குறைந்தது விளிம்பின் நான்கு சுற்றாவது. நிறம் முதலாவதைப் போலவே விழாது. அதற்காக நூலைப் பிரித்துப் பொருத்தம் தேடிக்கொண்டிருந்தால் ஒற்றைச் சாக்ஸோடுதான் நிற்பீர்கள்.