ஈஸ்டருக்கு ஆயத்தமாக ஒரே ஒரு சுவிசேஷம்: முதன்முறை லெந்து அனுசரிக்கிறவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் வந்துவிட்டால் நம் ரங்கூன் தமிழ்ச் சபைகளில் வேலைக்குக் குறைவே இல்லை. பாட்டுப் பயிற்சி, குருத்தோலைக்கு ஏற்பாடு, ஈஸ்டர் காலை ஆகாரத்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்ற பேச்சு. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வேதத்தைத் திறந்து உட்காரும் காரியம் மட்டும் "நேரம் கிடைத்தால் பார்ப்போம்" என்று கடைசிக்குத் தள்ளிப்போகிறது. இந்த முறை அதை முதலில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லெந்து அனுசரித்தே பழக்கமில்லை, வேதம் வாசித்துப் பல வருஷமாகிறது என்பவர்களும் தாராளமாகத் தொடங்கலாம்.

நான் சொல்லப்போவது ஒன்றுதான்: மாற்கு சுவிசேஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்சமாக, வாய்விட்டு, வீட்டிலுள்ளவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.

முதலில் காலண்டரை எடுங்கள்

ஈஸ்டர் வருஷத்துக்கு வருஷம் மாறும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் லெந்து தொடங்கும் சாம்பல் புதன். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் 40 நாள். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. 2028-இல் சாம்பல் புதன் மார்ச் 1, ஈஸ்டர் ஏப்ரல் 16.

இந்த ஊரில் இருக்கிற நமக்கு இன்னொன்றும் பார்க்கவேண்டும். ஏப்ரல் நடுவில் திஞ்சான். ஈஸ்டர் தள்ளி வருகிற வருஷங்களில் ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரமும் இந்தத் தண்ணீர்த் திருவிழாவும் ஒன்றாகவே வந்துவிடும். 2025-இல் அந்த வாரம் தொடங்கும் குருத்தோலை ஞாயிறே ஏப்ரல் 13. 2028-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14, திஞ்சானுக்கு நட்டநடுவே. கிறிஸ்துமஸுக்கு அரசாங்க விடுமுறை உண்டு, பெரிய வெள்ளிக்குக் கிடையாது. திஞ்சானுக்கு எப்படியும் விடுமுறை, அதனால் இப்படிப்பட்ட வருஷத்தில் லீவு கேட்கும் கஷ்டம் இல்லை. ஆனால் தெருவெல்லாம் தண்ணீரும் பாட்டுச் சத்தமுமாக இருக்கும், ஆலயத்துக்குப் போய்வருவது சுலபமில்லை. எந்த ஆராதனைக்குப் போவது, எந்த நாளில் வீட்டிலேயே வாசிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திஞ்சான் கொண்டாடுகிற பக்கத்து வீட்டார்மேல் எரிச்சல்படுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்களுக்கு அது புது வருஷம்.

நேரம்

பதினைந்து நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் என்று ஆரம்பிக்கிறவர்கள் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதை நம்பி நேரம் குறிக்காதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன், விடியும்போதே உட்கார்ந்துவிடுவது நல்லது. போனில் வாசிக்காமல் அச்சு வேதாகமத்தையே எடுங்கள். சார்ஜ் இல்லை என்ற சாக்கு இருக்காது, நடுவில் மெசேஜும் வராது.

எந்த மொழியில் வாசிப்பது?

நம் வீடுகளில் இதுதான் பெரிய கேள்வி. தாத்தா, ஆயாவுக்குத் தமிழ் வேதாகமம் மனப்பாடம். பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது பர்மிய எழுத்து. "சங்கீதம் 23 எடு" என்று சொன்னால் பக்கத்தைப் புரட்டத் தெரியாமல் முழிக்கும் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

இப்படிச் செய்யலாம். அன்றைய பகுதியை முதலில் பிள்ளை பர்மிய வேதாகமத்திலிருந்து வாசிக்கட்டும். அதே பகுதியைப் பெரியவர் ஒருவர் தமிழில் நிதானமாக வாசிக்கட்டும். மூன்றாம் முறை, பெரியவர் தமிழில் ஒரு வசனம் சொல்ல, பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லட்டும். ஒரே ஒரு வசனம்தான், அதற்கு மேல் வேண்டாம். ஈஸ்டர் வருவதற்குள் பத்துப் பதினைந்து தமிழ் வசனமாவது பிள்ளை வாயில் நின்றுவிடும். பெரியவர்களுக்கும் ஒரு நன்மை உண்டு. பழகிப்போன வசனத்தை வேறு மொழியில் கேட்கும்போது, அவசரமாகத் தாண்டிப்போன வார்த்தை சட்டென்று காதில் விழும்.

பிள்ளை கையில் இருக்கும் பர்மிய வேதாகமத்தின் கதையையும் ஒரு நாள் சொல்லுங்கள். அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனெரி. முதலாம் ஆங்கிலேய-பர்மிய யுத்தம் மூண்டபோது, 1824-இல் அப்போதைய தலைநகரான ஆவாவில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவருடைய மனைவி ஆன், புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப்படியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, அவர் தலைக்கு வைத்துக்கொள்ளும்படி சிறைக்கு அனுப்பினார். அது தப்பிப் பிழைத்தது. 1834-இல் வேதாகமம் முழுவதையும் ஜட்சன் பர்மிய மொழியில் முடித்தார். திருத்திய பதிப்பு 1840-இல் வந்தது. தமிழுக்கும் நீண்ட கதை இருக்கிறது: ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715-இல். இந்த இரண்டு புத்தகமும் ஒரே பாயில் விரித்திருப்பது நம்மைப்போன்ற வீடுகளில்தான்.

எதை வாசிப்பது?

சாம்பல் புதன் முதல் அந்தச் சனிக்கிழமை வரை நான்கு நாளும் சங்கீதம் 51 மட்டும். நான்கு நாளும் அதே சங்கீதம்தான், மாற்றவேண்டாம்.

அடுத்த ஐந்து வாரத்துக்கு மாற்கு 1 முதல் 10 வரை. வாரத்துக்கு இரண்டு அதிகாரம், அதாவது ஒரு அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து மூன்று நாளில். ஒரு நாளைக்குச் சுமார் பதினைந்து வசனம் வரும். ஞாயிறு அன்று புதிதாக ஒன்றும் வாசிக்கவேண்டாம், ஆலயத்தில் கேட்டதே போதும். ஒரு நாள் தவறிவிட்டால் அடுத்த நாள் இரண்டு பங்காக வாசிக்க முயலாதீர்கள். விட்டதை விட்டுவிட்டு அன்றைய பகுதிக்கு வந்துவிடுங்கள்.

ஏன் மாற்கு என்றால், நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, மொத்தம் 16 அதிகாரம். அதில் 11 முதல் 16 வரை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எருசலேமில் நடந்த அந்தக் கடைசி வாரத்தைப் பற்றியே. பாடுகளின் வாரத்தை நாள் நாளாக நடந்துபார்க்க இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை.

எப்படி வாசிப்பது? ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்போம்

மாற்கு 14:66-72. இயேசுவின் சீஷன் பேதுரு அவரை அறியேன் என்று மறுதலிக்கும் இடம். ஏழே வசனம்.

முதல் தரம் வாய்விட்டு வாசியுங்கள், விளக்கம் வேண்டாம். இரண்டாம் தரம், கண்ணுக்குத் தெரிகிற பொருட்களை மட்டும் கவனியுங்கள்: அரமனை முற்றம், நெருப்பு, குளிர்காய்ந்துகொண்டிருக்கும் ஒரு ஆள், அவன் முகத்தை உற்றுப்பார்க்கும் வேலைக்காரி, வாசல் மண்டபம், சேவல். மூன்றாம் தரம், எந்த வார்த்தையில் மனம் நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

என் மனம் எப்போதும் நிற்பது 70-ஆம் வசனத்தில். "நீ கலிலேயன், உன் பேச்சு அதற்கு ஒப்பாயிருக்கிறது" என்கிறார்கள். பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவன் பேச்சு. இது நமக்குப் புரியாமல் போகுமா? கடைத்தெருவில் நம் பெரியவர்கள் பர்மிய மொழியில் விலை கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதில்லையா? சென்னைக்குப் போனால் நம் தமிழைக் கேட்டு "நீங்க பர்மாவா?" என்பதில்லையா? வாயைத் திறந்தால் இன்னார் என்று தெரிந்துவிடுமே என்ற அந்தக் கூச்சத்தில்தான் பேதுரு "அந்த மனுஷனை அறியேன்" என்றான். வேலை பார்க்கும் இடத்தில் நான் கிறிஸ்தவன் என்று சொல்லாமல் மழுப்பிய நேரம் உண்டா, தமிழன் என்று சொல்லத் தயங்கிய நேரம் உண்டா என்று அமைதியாக யோசித்துப் பாருங்கள். அதை அப்படியே ஆண்டவரிடம் சொன்னால் அதுவே அன்றைய ஜெபம்.

எல்லாப் பகுதியும் இப்படித் தொடாது. சில நாள் ஒன்றும் தோன்றாது. அன்றைக்கு வாசித்ததோடு எழுந்துவிடலாம்.

ஜெபிக்கத் தெரியாதே என்பவர்களுக்கு

சத்தமாக ஜெபிக்கக் கூச்சமாக இருந்தால் சங்கீதத்தின் வார்த்தைகளையே கடன் வாங்கிக்கொள்ளுங்கள். மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று சபை பல நூற்றாண்டுகளாக ஏழு சங்கீதங்களைச் சொல்லிவருகிறது: 6, 32, 38, 51, 102, 130, 143. இரவு படுக்கும் முன் ஒன்று, வாரம் முழுவதும் வரிசையாக. "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்கும் 130 மிகச் சிறியது, எட்டே வசனம். பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணிவிடலாம்.

பிறகு ஒரு நோட்டில் பெயர்கள். வீட்டில் நோயாளி, வேலை தேடி மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போன பிள்ளை, பேச்சுவார்த்தை நின்றுபோன உறவுக்காரர். கடைசியாகச் சொன்னவரின் பெயரை எழுதத்தான் கை வராது. அதனாலேயே அவரை முதலில் எழுதுங்கள். நாட்டுக்காகவும் ஒரு வரி இருக்கட்டும். 2025 மார்ச் 28, மாண்டலே, சகாயிங் பக்கம் பூமி அதிர்ந்த அந்த வெள்ளிக்கிழமையும் லெந்து நாட்களுக்குள்தான் வந்தது. 7.7 அளவுள்ள நிலநடுக்கம். வீட்டை, ஆட்களை இழந்தவர்கள் நம் மத்தியிலும் இருக்கிறார்கள். சங்கீதம் 46-இல் "பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்" என்று வரும் இடத்தை அவர்களுக்காக மெதுவாக வாசியுங்கள். "நாம் பயப்படோம்" என்று சொல்ல அவர்களால் இன்னும் முடியாவிட்டால், அவர்களுக்குப் பதிலாக நாம் சொல்லலாம்.

உபவாசம்

வெள்ளிக்கிழமை ஒரு வேளை சாப்பாட்டை விட்டால் போதும். காலை மொஹிங்காவை விட்டுவிட்டு அந்தக் காசை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், ஈஸ்டருக்கு முன் தேவைப்பட்ட ஒருவர் கையில் சேரட்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் கூடாது. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்கவேண்டாம், அவர்கள் போனையோ டிவியையோ ஒதுக்கலாம். உபவாச நாளில் பக்கத்து வீட்டார் திஞ்சான் பலகாரம் கொண்டுவந்தால் மறுக்காமல் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். உபவாசம் மனுஷருக்குக் காணப்படவேண்டாம் என்று மத்தேயு 6-இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

பாடுகளின் வாரம்

ஞாயிறு, மாற்கு 11:1-11. திங்கள், 11:12-19, ஆலயத்தைச் சுத்திகரிக்கும் பகுதி. செவ்வாய்க்கு நிறைய இருக்கிறது, 11:20-இலிருந்து 13 முடிய. அத்தனையும் வேண்டாம், ஏழை விதவையின் காணிக்கை வரும் 12:41-44 போதும்.

புதன், 14:1-11. பெத்தானியாவில் ஒரு பெண் நளதம் என்னும் வாசனைத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். முந்நூறு பணத்துக்கு மேல் பெறுமானம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் முறுமுறுக்கிறார்கள். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்றால், கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பாத்தியம். இந்தச் சம்பவம் முடிந்த அடுத்த வசனத்திலேயே யூதாஸ் பேரம் பேசப் போகிறான். இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

பெரிய வியாழன், 14:12-72, பேதுருவின் பகுதியும் இதற்குள் வந்துவிடும். இரவில் வாசியுங்கள். யூதரின் பஸ்கா பௌர்ணமியில் வரும் பண்டிகை, ஆகையால் இயேசு ஜெபித்த கெத்செமனேயில் நிலா காய்ந்திருக்கும். நமக்கும் அந்த வாரத்தில் பௌர்ணமியை ஒட்டிய நிலாதான். கரண்ட் இல்லாத ராத்திரியானால் விளக்கைத் தேடாமல், "ஒரு மணி நேரமாவது நீ விழித்திருக்கக்கூடாதா" என்ற வசனத்தோடு கொஞ்ச நேரம் வாசலில் உட்காருங்கள்.

பெரிய வெள்ளி, 15-ஆம் அதிகாரம். மாற்கு மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறார். சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் மணி என்பது காலை 9, ஆறாம் மணி நடுப்பகல் 12, ஒன்பதாம் மணி பிற்பகல் 3. நடுப்பகல் 12 முதல் 3 வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் போக லீவு கிடைக்காதவர்கள் 12 மணிக்கும் 3 மணிக்கும் வேலையை ஒரு நிமிஷம் நிறுத்தி 15:33-39-ஐ மனதுக்குள் வாசிக்கலாம். ஆராதனையில் தியானிக்கும், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மாற்கு எழுதியிருப்பது ஒன்றே ஒன்று: "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்." அது சங்கீதம் 22-இன் முதல் வரி. மாலையில் அந்தச் சங்கீதத்தைக் கடைசிவரை வாசித்துவிடுங்கள். ரோமன் கத்தோலிக்க உறவினர் வீட்டில் இருந்தால் அவர்களோடு சிலுவைப் பாதையின் 14 ஸ்தலங்களுக்கும் போய்வாருங்கள்.

சனிக்கிழமை வாசிப்பு இல்லை. வேதாகமத்தை மூடியே வையுங்கள்.

ஞாயிறு விடியற்காலை ஆராதனைக்குக் கிளம்பும் முன் 16:1-8. ஸ்திரீகள் பயந்து ஓடி, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனார்கள் என்று எட்டாம் வசனம் நின்றுவிடும். அங்கேயே நிறுத்திவிட்டு ஆலயத்துக்குப் புறப்படுங்கள். மீதியை அங்கே பாட்டாகக் கேட்கலாம்.

பாதி லெந்து போனபிறகு இதைப் பார்க்கிறீர்களா? முன்னால் விட்டதைப் பிடிக்க ஓடவேண்டாம். அந்த வாரத்துக்கான அதிகாரத்திலிருந்தே தொடங்குங்கள். குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டதென்றால் 11-ஆம் அதிகாரம். பெரிய வியாழனே வந்துவிட்டதென்றால் அன்று இரவு 14, மறுநாள் 15, ஞாயிறு 16. மூன்று அதிகாரம், அதுவும் ஒரு நல்ல லெந்துதான்.