பால்வினை நோய் குணமாகுமா? புதிய ஆலோசகர்கள் சறுக்கும் இடங்கள்

"கவலைப்படாதீங்க, மாத்திரையில எல்லாம் சரியாயிடும்." எங்கள் பால்வினை நோய் சிகிச்சை மையத்தில் போன மாதம் சேர்ந்த ஆலோசகர் ஒருவர் நோயாளியிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சொன்ன அதே வசனம். ஆணுறை பற்றியெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் 'குணமாகும்' என்பது

வெட்டை (கொனோரியா), கிளமிடியா, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் நான்கும் சரியான மருந்தில் முழுதாகக் குணமாகும். ஹெர்பிஸும் எச்.ஐ.வி.யும் கட்டுப்படும், போகாது. மரு, கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவைக்கும் எச்.பி.வி. வைரஸைப் பெரும்பாலும் உடலே ஓரிரு வருடத்தில் விரட்டிவிடும்.

ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது

லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ். சாம்பல் நிற மருந்துப் பொட்டலம் கொடுத்தோம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். சரியாகிவிட்டது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தார், அதே மருந்து. மூன்றாம் முறை வந்தபோது, "மருந்துக்கு அடங்காத கிருமி போல இருக்கு டாக்டர்" என்றேன், பெரிதாக எதையோ கண்டுபிடித்தவள் போல. டாக்டர் நிமிராமல் கேட்டார்: "வீட்டம்மா வந்தாங்களா?"

வரவில்லை. நானும் வரச் சொல்லவில்லை. 'மனைவிக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொன்னதை மூன்று முறையும் அப்படியே எழுதி வைத்திருந்தேன். பெண்கள் பலருக்கு அறிகுறியே தெரியாது என்று பாடத்தில் படித்தவள்தான் நான்! அந்த அம்மா கடைசியில் வந்தது அடிவயிற்று வலியோடு. தொற்று கருக்குழாய் வரை ஏறியிருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. அந்தப் பதிவேட்டில் இருக்கும் என் கையெழுத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

மனைவியை அழைத்துவரத் தயங்குவது பயத்தினால்தான். "நீங்க சொன்னது எதுவும் எங்க வாயிலிருந்து வராது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இருவருக்கும் சேர்த்து மருந்து, அப்புறம் ஏழு நாள் உறவு வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை.

புண் ஆறியதை நம்புவது

சிபிலிஸ் புண் வலிக்காது. மருந்தே இல்லாமல் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும், கிருமி உள்ளேயே இருக்கும்.

டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் என்று மிரட்டுவது

டி.பி.எச்.ஏ. என்பது சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை. குணமானவர்களுக்கும் அது பெரும்பாலும் கடைசிவரை பாசிட்டிவாகவே வரும். பார்க்க வேண்டியது ஆர்.பி.ஆர். என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையின் அளவு, 1:32 இருந்தது நான்கில் ஒரு பங்காக, அதாவது 1:8க்காவது இறங்கியதா என்று.

நண்பர் கொடுத்த மிச்ச மாத்திரை

நோயாளி அதைக் கொண்டுவந்தால் வாங்கி வைத்துவிட்டு, அவரை முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.