விடுதலை பெற்ற ஓர் அடிமைக் குடும்பத்தைப் பதிவேடுகளில் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவரின் குடும்ப வரலாற்றைத் தேடுவோர், 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். விடுதலை பெற்ற மக்களைப் பெயரிட்டு எழுதிய முதல் தேசியக் கணக்கெடுப்பு அதுவே. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமை அட்டவணைகளில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை இருக்கும். அடிமைகளின் பெயர் ஏறத்தாழ எங்குமே இராது.

எனவே, அக்குடும்பத்தை வைத்திருந்த எசமானர் யார் என்று அடுத்து கண்டறிய வேண்டும். குடும்பப் பெயரை மட்டும் நம்பக் கூடாது. பலர் வேறு பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளில் கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், பிள்ளைகள், சில வேளைகளில் பழைய எசமானர் ஆகியோரின் பெயர்களும் உண்டு. எசமானர் தெரிந்தபின் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்ற ஆவணங்களில் அவருடைய உயில், சொத்துப் பட்டியல், கிரயப் பத்திரம் ஆகியவற்றைப் பாருங்கள். மாடு, ஏர், கட்டில் என நீளும் பட்டியலின் நடுவே ஒரு தாயின் பெயரும் அவள் குழந்தையின் பெயரும் விலையோடு எழுதப்பட்டிருக்கலாம். அவ்வரிகளை வரிசை மாறாமல் படியெடுங்கள். அடுத்தடுத்த பெயர்கள் உறவைக் காட்டக்கூடும்.

கடிதம் கிடைத்தால் அதைவிடப் பெரிய பேறு இல்லை. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜோர்டன் ஆண்டர்சன் 1865 ஆகஸ்ட் 7 அன்று ஒஹாயோவின் டேட்டனிலிருந்து, டென்னசியில் இருந்த பழைய எசமானர் கர்னல் பி. எச். ஆண்டர்சனுக்கு, பிறர் கைப்பட எழுதுவித்த மடலை எடுத்துக்கொள்வோம். திரும்பி வருமாறு அழைத்த எசமானரிடம், தமது 32 ஆண்டு உழைப்புக்கும் மனைவி மாண்டியின் 20 ஆண்டு உழைப்புக்கும் கூலியாக 11,680 டாலர் கேட்கிறார். டேட்டனில் மாண்டியைத் 'திருமதி ஆண்டர்சன்' என்று அழைக்கிறார்கள் என்றும், பிள்ளைகள் மில்லி, ஜேன், கிரண்டி மூவரும் பள்ளிக்குச் செல்கிறார்கள் என்றும் சொல்கிறார். 1864இல் நாஷ்வில்லில் பெற்ற விடுதலைச் சீட்டையும் குறிப்பிடுகிறார். இத்தகவல் ஒவ்வொன்றும் தேட வேண்டிய ஒரு பதிவேட்டைச் சுட்டுகிறது.

அதே மடலில், எசமானர் வீட்டு இளைஞர்களால் தம் மகள்களுக்குக் கேடு நேரக் கூடாது என்று அஞ்சும் இடத்தில், மடில்டா, கேத்தரின் என்ற இரு பெயர்கள் வருகின்றன. அவர்கள் கதி எசமானருக்கே தெரியும் என்பதற்கு மேல் ஜோர்டன் விவரிக்கவில்லை. நீங்கள் வரையும் குடும்ப விளக்கப்படத்தில், உறவு உறுதியாகாவிட்டாலும், அவ்விரு பெயர்களையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.