பழ ஐஸ் டீ: டீயும் பழமும் டம்ளரில் சந்தித்தால் போதும்

போன கோடை விடுமுறையில் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தார்கள். பெரியவளுக்கு மாம்பழம் என்றால் உயிர். சின்னவன் எலுமிச்சை தவிர வேறு எதையும் தொடமாட்டான். என் கணவருக்கு எது கலந்தாலும் சரி, டீ டீயாக இருந்தாக வேண்டும். மூன்று பேரையும் ஒரே ஜாடியில் திருப்திப்படுத்தப் பார்த்து முதல் வாரம் முழுக்கத் தோற்றேன்.

முதல் நாள் செய்தது இது: டீத்தூளை நன்றாகக் கொதிக்க வைத்து, சர்க்கரை போட்டு, ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு வட்டமாக நறுக்கி உள்ளே போட்டு, சூடு ஆறுவதற்குள் ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் சேற்றுத் தண்ணீர் நிறம். வாயில் வைத்தால் முதலில் கசப்பு, பிறகு நாக்கு முழுக்கத் துவர்ப்பு. ஆரஞ்சு வாசனை எங்கேயும் இல்லை. பெரியவள் நாகரிகமாக ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு எடுத்து கிராம், நிமிடம், எந்தப் பழம், யார் எவ்வளவு குடித்தார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் அந்த நோட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். டீயைத் தனியாக வடித்து வையுங்கள், பழத்தைத் தனியாகத் தயார் செய்யுங்கள், சர்க்கரையைப் பாகாக்கி அதையும் தனியாக வையுங்கள். மூன்றும் குளிர்ந்து ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். குடிக்கப்போகும் நேரத்தில் டம்ளரில் கலந்தால் போதும். சூடான டீயில் பழம் விழுந்தால் அது வெந்துபோகிறது, பழத்தின் புது வாசனை ஆவியோடு போய்விடுகிறது. குளிர்ந்த டீயிலேயே ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் தோலின் கசப்பு இறங்குகிறது.

டீயிலிருந்து தொடங்குகிறேன். எனக்குப் பிடித்த முறையில் அடுப்பே தேவையில்லை. கொதித்து ஆறிய குடிதண்ணீர் ஒரு லிட்டர், இலைத் தேயிலை 10 கிராம். இரண்டையும் சுத்தமான கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கருப்புத் தேயிலைக்கு 8 முதல் 10 மணி நேரம், பச்சைத் தேயிலைக்கு (க்ரீன் டீ) 6 மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் காலை ஏழு மணிக்கு வடிகட்டலாம். தராசு இல்லாதவர்கள் டீ பேக் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரு பையில் 2 கிராம் இருக்கும், ஐந்து பை போதும். கரண்டிக் கணக்கை நான் நம்புவதில்லை. சுருண்ட சின்ன இலை ஒரு கரண்டியில் அழுத்தமாக உட்காரும், பெரிய இலை காற்றோடு நிற்கும், எடை இரண்டு மடங்கு வித்தியாசப்படும்.

குளிர்ந்த தண்ணீர் தேயிலையின் மணத்தையும் இனிப்பையும் மெதுவாக எடுத்துக்கொள்ளும். துவர்ப்பையும் கசப்பையும் தருகிற பொருள்கள் சூட்டில் இறங்குகிற அளவுக்குக் குளிரில் இறங்குவதில்லை, காஃபினும் குறைவாகவே இறங்கும். அதனால் டீ தெளிவாக, மென்மையாக வரும், சர்க்கரையும் குறைவாகப் போதும். வடிகட்டும்போது ஒன்று கவனியுங்கள். இலையை அழுத்திப் பிழியாதீர்கள். கடைசித் துளியை மிச்சம் பிடிக்கப் போனால் அத்தனை துவர்ப்பும் அந்தத் துளியோடு வரும்.

வெயிலில் ஜாடியை வைத்து டீ இறக்குகிற முறையும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நான் அதைச் செய்வதில்லை. வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகிறதே ஒழிய, கிருமி சாகிற சூட்டுக்குப் போவதில்லை. அந்த வெதுவெதுப்பு கிருமி வளரத்தான் வசதி. பிள்ளைகள் குடிக்கிற பானத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

திடீரென்று ஆள் வந்துவிட்டால் ராத்திரி வரை காத்திருக்க முடியாது. அப்போது சூட்டு முறை. அரை லிட்டர் தண்ணீருக்கே 10 கிராம் இலை போட்டு, கருப்பு டீயை 4 நிமிடம் மூடி வையுங்கள். பச்சை டீ என்றால் கொதித்த தண்ணீரை ஐந்து நிமிடம் போல ஆறவிட்டு 75–80 டிகிரிக்கு வந்த பிறகு ஊற்றி, 2 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். டீ இன்னும் அழுத்தமாக வேண்டும் என்றால் இலையைக் கூட்டுங்கள், நிமிடத்தைக் கூட்டாதீர்கள். நிமிடம் கூடினால் கூடுவது துவர்ப்பு.

வடித்த சூட்டு டீயை அரை கிலோ ஐஸ்கட்டி மேல் ஊற்ற வேண்டும். ஏன் இவ்வளவு என்று என் கணவர் கேட்டார். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் சூடு, ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி உயர்த்தத் தேவைப்படும் சூட்டுக்குச் சமம். அதனால் 80 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் டீ, அரை கிலோ ஐஸை ஏறக்குறைய முழுதாக உருக்கிவிட்டுத்தான் சில்லென்று நிற்கும். கடைசியில் கையில் இருப்பது ஒரு லிட்டர். அதற்காகத்தான் முதலிலேயே இரட்டை அழுத்தத்தில் போடுகிறோம். சாதாரண டீயைப் போட்டு ஐஸ் மேல் ஊற்றுகிறவர்களுக்குத் தண்ணீர் மாதிரி வருவதற்குக் காரணமும் இதே கணக்குதான். இதைக் கண்ணாடி ஜாடியில் செய்யாதீர்கள், விரிசல் விடலாம். எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

சூட்டு முறையில் போட்ட டீ குளிர்ந்ததும் சில சமயம் கலங்கும். என் முதல் நாள் சேற்று நிறம் அப்படி வந்ததுதான். சூட்டில் கரைந்து நிற்கிற காஃபினும் துவர்ப்புப் பொருள்களும் குளிரும்போது ஒன்றோடு ஒன்று சேர்ந்து நுண்ணிய துகளாகிவிடுகின்றன. கெட்டுப்போகவில்லை, குடிக்கலாம். டீ எவ்வளவு அழுத்தமோ, தண்ணீர் எவ்வளவு கடினமோ (சுண்ணாம்பு உப்பு மிகுந்ததோ), அவ்வளவு கலங்கும். கொஞ்சம் கொதிநீர் சேர்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணாடி மாதிரித் தெளிவாக வேண்டும் என்றால் ராத்திரி ஃப்ரிட்ஜ் முறைக்கே போங்கள்.

சர்க்கரைப் பாகு ஐந்து நிமிட வேலை. 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர். அடுப்பில் வைத்துக் கரைந்ததும் இறக்கிவிடலாம், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். குளிர்ந்த டீயில் சர்க்கரையை நேராகப் போட்டால் அடியில் மணலாகத் தங்கும், பாகு உடனே கலந்துவிடும். பாகை இறக்கிய சூட்டில் ஒரு கைப்பிடி புதினாவைப் போட்டு 15 நிமிடத்தில் எடுத்துவிட்டால் புதினாப் பாகு. நசுக்கிய இஞ்சித் துண்டையும் இப்படிச் செய்யலாம். மூடிய பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் நான் இரண்டு வாரம் பயன்படுத்துகிறேன். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும் என்பதால், இனிப்பைச் சரிபார்ப்பதை ஐஸ் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பழம். எனக்கு மனம் நிறைகிற வேலை இதுதான். ஒவ்வொரு பழத்தையும் வேறு மாதிரி கையாள வேண்டியிருக்கிறது.

மாம்பழம் நன்றாகக் கனிந்ததாக, நார் குறைந்ததாக இருக்கட்டும். சதையை மிக்ஸியில் அடித்து வடிகட்டி வையுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். பெரியவள் கேட்டாளே என்று நான்கு கரண்டி போட்டேன், அது மாம்பழச் சாறாகிவிட்டது, டீ காணாமல் போனது. மாம்பழத்துக்குக் கருப்பு டீதான் தாங்கும். பச்சை டீயை அது அமுக்கிவிடும்.

ஸ்ட்ராபெர்ரி, பீச், பிளம் மாதிரி மென்மையான பழங்களுக்கு மிக்ஸியும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். 200 கிராம் பழத்தைச் சின்னதாக நறுக்கி 50 கிராம் சர்க்கரையில் பிரட்டி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை வெளியே இழுத்துவிடும். கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கிற அந்தச் சிவப்புச் சாற்றில் இருக்கிற வாசனை, வேகவைத்து எடுத்தால் கிடைக்காது. பழம் சரியாகக் கனியவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் வேகவைக்கலாம்.

எலுமிச்சையும் ஆரஞ்சும் சாறு அன்றன்று பிழிய வேண்டும். ஆனால் அவற்றின் உண்மையான மணம் சாற்றைவிடத் தோலில்தான் இருக்கிறது. தோலின் மேற்பகுதியை மட்டும், வெள்ளைப் பகுதி ஒட்டாமல், காய் சீவுகிற கருவியால் மெல்லியதாகச் சீவுங்கள். இரண்டு பழத்தின் தோலுக்கு நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டு விரலால் நன்றாகக் கசக்கி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். தோலின் எண்ணெய் சர்க்கரையில் ஊறி, சர்க்கரை ஈரமாகி மணக்கும். அதில் பிழிந்த சாற்றை ஊற்றிக் கரைத்து வடித்தால், சின்னவன் இரண்டாவது டம்ளர் கேட்ட எலுமிச்சை டீ அதுதான். வெள்ளைப் பகுதி கசப்பு, அதனால்தான் வட்டத் துண்டுகளை ஜாடியில் ஊறப்போடக் கூடாது. அழகுக்கு வேண்டும் என்றால் பரிமாறும்போது டம்ளர் விளிம்பில் ஒன்று செருகுங்கள். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் கருப்பு டீ பொன்னிறமாக மாறுவதைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். புளிப்பில் டீயின் செம்பழுப்பு நிறப் பொருள் வெளிறும்.

அன்னாசியை அடித்து, வடித்து, நுரை அடங்கக் கால் மணி நேரம் விட வேண்டும். கருப்புத் திராட்சை கொஞ்சம் வம்பு பிடித்தது. அதன் தோலிலேயே துவர்ப்பு இருப்பதால் டீயோடு சேர்ந்து இரட்டிப்பாகும். அதற்கு மட்டும் டீயில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தண்ணீர் சேர்க்கிறேன். தர்பூசணிச் சாறு டீயை நீர்க்கவைத்துவிடும், வாசனையும் நிற்காது. அதைச் சதுரமாக வெட்டி விதை எடுத்து உறையவைத்து ஐஸ்கட்டிக்குப் பதிலாகப் போட்டேன். அந்த மாதத்தில் நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அது. பச்சை டீ, புதினாப் பாகு, மேலே சிவப்புக் கட்டிகள். கட்டி கரையக் கரையச் சுவை மெல்ல ஏறும்.

சேர்ப்பது இப்படி. 300 மில்லி டம்ளரில் பழக்கூழோ சாறோ 40 மில்லி (மாம்பழம் என்றால் சொன்ன இரண்டு மேசைக்கரண்டி), பாகு 15 மில்லி ஊற்றி முதலில் அதை மட்டும் கலக்குங்கள். சர்க்கரையில் ஊறிய பழம் என்றால் பாகைப் பாதியாக்குங்கள். பாதி டம்ளர் ஐஸ், அதன் மேல் 150 மில்லி டீ. அப்புறம் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் டீயின் துவர்ப்பு லேசாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பழம் கூடிவிட்டது, டீ சேருங்கள். சப்பென்று இருந்தால் பாகு பக்கம் போகாதீர்கள், நான்கு சொட்டு எலுமிச்சை விடுங்கள். மாம்பழத்துக்கும் பீச்சுக்கும் ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பு போட்டால் பழம் இன்னும் தெளிவாகப் பேசும்.

டீயையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் உருகினாலும் நீர்க்காது. தட்டை மூடி வையுங்கள், ஐஸ் பக்கத்தில் இருக்கிற எல்லா வாசனையையும் பிடித்துக்கொள்ளும்.

சாயங்காலத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு நான் தேயிலை தருவதில்லை, காஃபின் தூக்கத்தைக் கெடுக்கும். ஹைபிஸ்கஸ் டீ என்ற பெயரில் கிடைக்கும் காய்ந்த சிவப்புப் பூவில் காஃபின் இல்லை. ஒரு லிட்டர் கொதிநீருக்கு 10 கிராம், 8 நிமிடம். பூவே புளிப்பு என்பதால் எலுமிச்சை வேண்டாம், ஸ்ட்ராபெர்ரி சாற்றோடு நன்றாகச் சேரும்.

பழம் சேராத வெறும் டீ ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். பழக்கூழை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். கலந்த டம்ளர் மிச்சமானால் அன்றே குடிக்க வேண்டும். ஜாடியில் நூல் மாதிரி வழவழப்பு, நுரை, புளித்த வாடை எது தெரிந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிட்டு ஜாடியைக் கொதிநீரில் கழுவுங்கள்.

பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பின அன்று காலையில் ஃப்ரிட்ஜ் கதவில் பெரியவள் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். மாம்பழம் இரண்டு கரண்டி, கருப்பு டீ, உப்பு கொஞ்சம், பெரியம்மா மாதிரி. அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.