கிழங்கு செத்துவிட்டதா, தூங்குகிறதா? மீன்தொட்டிச் செடிக்கு ஓய்வு கொடுக்கும் முறை

மீன்தொட்டியில் கிழங்கிலிருந்து வளரும் அப்போனோகெட்டான் செடியை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்தப் பயம் வரும். இலையாகத் தள்ளிக்கொண்டிருந்த செடி, பூத்து முடித்ததும் சோம்பிப்போகும். புது இலைகள் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். பழையவை மஞ்சளாகிக் கரையும். உடனே உரப்புட்டியைத் தேடாதீர்கள். இது கொட்டிக்கிழங்கின் இனம். குளம் வற்றினால் சேற்றுக்குள் கிழங்காகக் கிடந்து, தண்ணீர் வந்ததும் துளிர்க்கும் பிறவி.

எல்லாச் செடிக்கும் இந்த ஓய்வு பொருந்தாது. மடகாஸ்கரைச் சேர்ந்த உல்வேசியஸ், பொய்வினியானஸ், வலைப்பின்னல் இலை கொண்ட மடகாஸ்கரியென்சிஸ் ஆகிய அப்போனோகெட்டான் வகைகள் ஓய்வு கேட்பவை. கிறிஸ்பஸ் என்ற வகை பல தொட்டிகளில் ஆண்டு முழுவதும் இலை விடும். அது தானாக நிற்கும்வரை தொடவேண்டாம். கிரைனம் என்ற மீன்தொட்டிச் செடி வேறு இனம், வெங்காயம்போல அடுக்கடுக்காக உரியும் மெய்யான குமிழ். அதை ஓய்வுக்கென்று பிடுங்கினால் வேர் அறுந்ததுதான் மிச்சம்.

எடுப்பது: பச்சை இலையை வெட்டாதீர்கள், கிழங்குக்கு மாவுச்சத்தை இறக்குவது அதுதான். இலைகள் வாடி முடிந்ததும், காம்பைப் பிடித்து இழுக்காமல், விரலால் மணலை விலக்கிக் கிழங்கை எடுங்கள். தொடக்கத்திலேயே சிறு சட்டியில் நட்டுவிட்டால் இந்தத் தோண்டல் வேலையே இல்லை. தொட்டியின் தரையில் நேராக நடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அழுத்திப் பார்ப்பது: பலரும் நல்ல கிழங்கைக் குப்பையில் போடுவது இந்த இடத்தில்தான். ஓடும் நீரில் கழுவிவிட்டுக் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்துங்கள். பச்சை உருளைக்கிழங்குபோலக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தோல் கறுத்திருப்பதும், மேலே வெண்பஞ்சாகப் பூசணம் படர்ந்திருப்பதும் தனியாகச் சாவின் அடையாளம் ஆகாது, பூசணம் கழுவினால் போகும். நீரில் மிதப்பதும் அப்படித்தான். நல்ல கிழங்கும் மிதக்கும். விரல் உள்ளே அமுங்கி, கூழாகப் பிதுங்கி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால்தான் கதை முடிந்தது. ஒரு மூலை மட்டும் மெத்தென்றிருந்தால், கெட்டியான வெளிர்நிறச் சதை தெரியும்வரை சீவிவிடுங்கள். துளிர் விடும் முனை தப்பியிருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

வைப்பது: மூடியில் ஊசித்துளை போட்ட டப்பாவில் ஈரமணல் நிரப்பி, கிழங்கைப் புதைத்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் இரண்டு மாதம் வையுங்கள். 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் நல்லது. கையில் பிழிந்தால் நீர் சொட்டாத ஈரம் போதும். பீட் பாசியைவிட (செடி நட உதவும் சதுப்புநிலப் பாசி) மணலே எனக்குப் பிடிக்கும். விலக்கிப் பார்ப்பது எளிது. உறைவிப்பான் பக்கம் போகவே வேண்டாம். மடகாஸ்கரியென்சிஸை மட்டும் காயவிடாமல், சட்டியோடு குளிர்ந்த நீரிலேயே வையுங்கள்.

மீண்டும் நடுவது: முளை தலைகாட்டினால் காலம் வந்துவிட்டது. கிழங்கின் மேல்பகுதி வெளியே தெரிய நடுங்கள். முழுவதும் புதைத்தால் அழுகும். எது மேல்பக்கம் என்று தெரியாவிட்டால் படுக்கவைத்துவிடுங்கள், முளை தானே வழி கண்டுகொள்ளும். வேர் உர மாத்திரையை இரண்டு மூன்று இலை விரிந்த பிறகு வைத்தால் போதும்.

பின்னர் சேர்த்தது: பிடுங்காமல் தொட்டியிலேயே விடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். விடலாம், ஆனால் வெதுவெதுப்பான நீரில் கிழங்கு அரைத்தூக்கத்திலேயே எழுந்துவிடும். அப்படியே தொடர்ந்தால் சேமிப்பு கரைந்து, செடி சுற்றுக்குச் சுற்று சிறுத்துப்போகும். நத்தைகள் கிழங்கைத் தின்கின்றன என்பது இன்னொரு புகார். தொட்டியில் வழக்கமாகக் காணும் சிறு நத்தைகள் பெரும்பாலும் அழுகியதைத்தான் மேய்கின்றன. அவற்றை விரட்டுவதற்கு முன், அவை மொய்க்கும் இடத்தை ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.