சப்ளையரிடம் விலையை மட்டும் பேசுகிறீர்களா? பர்ச்சேஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்ச்சேஸ் வேலையில் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் முதலில் கற்றுத்தருவது இதைத்தான்: மூன்று கொட்டேஷன் வாங்கு, குறைவாக இருப்பதைக் காட்டி மற்ற இருவரையும் இறக்கு. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். விலை பேசுவதில் தப்பில்லை, பேசத்தான் வேண்டும். ஆனால் சப்ளையர் என்றாலே விலைதான் என்று ஒரு கம்பெனி முடிவு கட்டிவிட்டால், பின்னால் வரும் மற்ற தவறுகளுக்கெல்லாம் அங்கேயே விதை விழுந்துவிடுகிறது.

1992-ல் அமெரிக்கக் கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் பெரும் நஷ்டத்தில் இருந்தபோது அதன் பர்ச்சேஸ் பொறுப்புக்கு வந்தவர் இக்னாசியோ லோப்பஸ். நடப்பில் இருந்த ஒப்பந்தங்களைக்கூடத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லோரும் புதிதாக விலை கொடுங்கள் என்றார். செலவு உடனே குறையத்தான் செய்தது. அடுத்த வருடமே அவர் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார், ஆனால் சப்ளையர்கள் மனதில் விழுந்த கசப்பு அவரோடு போகவில்லை. ஒருவர் புதிதாக ஒரு பாகத்தை உருவாக்கினால் அதை முதலில் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்? தன்னை மதிக்கிறவரிடம்தானே. அதே காலத்தில் இன்னொரு அமெரிக்கக் கார் கம்பெனியான கிரைஸ்லர் வேறு வழியில் போனது: செலவு குறைய யோசனை இருந்தால் சொல்லுங்கள், மிச்சமாவதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று சப்ளையர்களிடம் கேட்டது. யோசனைகள் வந்து குவிந்தன. எந்த இடத்தில் பொருள் வீணாகிறது, எந்த டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) தேவையில்லாமல் இறுக்கமாக இருக்கிறது என்பதெல்லாம் செய்கிறவருக்குத்தானே தெரியும்.

அடுத்த தவறு பேமென்ட். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். விலையில் 3 சதவீதம் இறக்கிவிட்டு, பணத்தை 120 நாள் கழித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 120 நாளும் சப்ளையர் வட்டிக்கு வாங்கித்தான் தொழிலை ஓட்டுகிறார். அந்த வட்டி அடுத்த கொட்டேஷனில் ஏறி வரும், அல்லது மூலப்பொருளின் தரத்தில் இறங்கி வரும், வேறு எங்கேயும் போகாது. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி இறுகியிருக்கிறது: கெடு தாண்டி நிற்கும் தொகையை, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். சட்டத்தை விடுங்கள், பணம் ஒழுங்காக வரும் என்று பெயர் வாங்கிய கம்பெனியின் லோடுதான் எல்லா இடத்திலும் முதலில் ஏறும். நெருக்கடி நேரத்தில் அந்த ஒரு லோடு என்ன மதிப்பு என்பது பொருள் வராமல் உற்பத்தி லைன் நின்றுபோனவர்களுக்குத் தெரியும்.

சரி, இப்போது நான் நேரடியாக அடி வாங்கிய தவறுக்கு வருகிறேன். ஒரு முக்கியமான பாகத்துக்கு எங்களுக்கு இரண்டு சப்ளையர்கள் இருந்தார்கள். ஒருவர் சொதப்பினால் இன்னொருவர் இருக்கிறார் என்ற நிம்மதியில் இருந்தோம். ஒரு வாரம் இருவருமே சரக்கு அனுப்பவில்லை. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நேரில் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, இருவரும் ஹீட் ட்ரீட்மென்டுக்கு (பாகத்தைச் சூடாக்கி உறுதியேற்றும் வேலை) ஒரே இடத்துக்குத்தான் அனுப்புகிறார்கள், அங்கே ஃபர்னஸ், அதாவது உலை, பழுது. நாங்கள் இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது உண்மையில் ஒன்று.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நூல் இருந்தது, நிட்டிங் மெஷின் இருந்தது, தையலுக்கு ஆள் இருந்தார்கள், கையில் ஆர்டரும் இருந்தது. துணிக்குச் சாயம் போட இடம் இல்லை. வெளியூருக்கு லாரியில் அனுப்பிச் சாயமேற்றி வாங்க வேண்டியதாயிற்று. கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் பத்து ஜாப் ஒர்க் யூனிட்டைக் கையில் வைத்திருந்தவர்களும் அன்றைக்குத் திண்டாடினார்கள், ஏனென்றால் பத்துப் பேரின் துணியும் போய்ச் சேரும் வாசல் ஒன்றுதான். ஆற்றில் விடும் கழிவுநீர் விவசாயியின் பிரச்சினை என்று வருடக்கணக்காக நினைத்தவர்களுக்கு, அது தங்கள் டெலிவரி தேதியின் பிரச்சினையும்தான் என்று அன்று புரிந்தது.

இந்த இடத்தில் டொயோட்டாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி அதன் சப்ளையரான ஐசின் கம்பெனியின், ஜப்பானில் உள்ள கரியா ஆலையில் தீ. பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வை டொயோட்டா கிட்டத்தட்ட முழுவதுமாக அங்கிருந்துதான் வாங்கியது, இருப்பும் பெரிதாக வைப்பதில்லை. சில நாளில் பெரும்பாலான லைன்கள் நின்றுவிட்டன. ஆனால் ஒரு வாரத்துக்குள்ளாகவே வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. காரணம், வால்வே செய்து பழக்கமில்லாத சப்ளையர்கள்கூட வரைபடத்தை வாங்கிக்கொண்டு ராப்பகலாகச் செய்து கொடுத்தார்கள், தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனி உட்பட. என்ன விலை என்று பேசி முடித்துவிட்டு யாரும் ஆரம்பிக்கவில்லை, பணம் வரும் என்ற நம்பிக்கை இருந்தது, பின்னால் வந்தது. லோப்பஸ் பாணியில் பிழிந்தெடுக்கப்பட்ட சப்ளையர்கள் இப்படி ஓடி வந்திருப்பார்களா? 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்கு அப்புறம் டொயோட்டா, தன் சப்ளையருக்குச் சப்ளை செய்கிறவர்கள் யார் யார் என்று அடிமட்டம் வரை பட்டியல் போட்டது. சிப் போன்றவற்றைச் சில மாதத்துக்குக் கையிருப்பு வைக்கச் சொன்னது. 2021 சிப் தட்டுப்பாட்டின்போது மற்ற கம்பெனிகளைவிடக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது அதனால்தான். ஸ்டாக்கே வைக்காமல் இருப்பதுதான் டொயோட்டா முறை என்று இன்றும் வகுப்பெடுக்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

கெட்ட செய்தி மேலே போகாமல் தேங்குவதும் பெரிய தவறு. 2000 மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் தாக்கிச் சின்ன தீ, பத்தே நிமிடத்தில் அணைந்துவிட்டது. ஒரு வாரம் தாமதமாகும் என்று அங்கிருந்து சிப் வாங்கிய செல்போன் கம்பெனிகளான நோக்கியாவுக்கும் எரிக்ஸனுக்கும் தகவல் போனது. நோக்கியா தினமும் போன் போட்டு விசாரித்தது. சேதம் பெரிது என்று தெரிந்ததும் மாற்று ஆலைகளைப் பிடித்துவிட்டது. எரிக்ஸனில் அந்தத் தகவல் கீழ்மட்டத்திலேயே நின்றது, நஷ்டம் ஏறக்குறைய 40 கோடி டாலர். அடுத்த வருடம் அந்தக் கம்பெனி போன் தொழிலை சோனியோடு சேர்த்துக்கொண்டது. தாமதம் என்று சொன்ன சப்ளையரைத் திட்டி அனுப்பும் பழக்கம் உங்கள் ஆபீஸில் இருந்தால், அடுத்த முறை அவர் கடைசி நாள்வரை வாயே திறக்க மாட்டார்.

எல்லாவற்றையும் வெளியே கொடுத்துவிட்டுக் கடைசியில் கோத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு மயக்கம். போயிங் 787 விமானத்தின் பாகங்களைப் பெரும்பாலும் வெளியே செய்யக் கொடுத்தார்கள். அதை 2007 ஜூலையில் விழா வைத்துக் காட்டினார்கள், அந்த விமானத்தில் பல இடங்களில் தற்காலிக ஃபாஸ்டனர்கள்தான் (பாகங்களைப் பிணைக்கும் ஆணி, போல்ட் வகை) மாட்டியிருந்தார்கள். 2008-ல் கொடுக்க வேண்டிய முதல் விமானம் கைமாறியது 2011 செப்டம்பரில். நடுவில் ஒரு சப்ளையரின் ஆலையையே போயிங் விலைக்கு வாங்க வேண்டி வந்தது. எதைக் கொடுக்கலாம், எதைக் கையைவிட்டுப் போகவிடக் கூடாது என்பதை விலை ஒப்பீட்டுத் தாள் சொல்லாது.

உங்கள் கம்பெனியில் எது வராவிட்டால் நாளைக்கு லைன் நிற்கும் என்று பத்துப் பொருளை ஒரு தாளில் எழுதுங்கள். விலை அதிகமானது என்று பார்த்து எழுதாதீர்கள், நாலு ரூபாய் வாஷராகக்கூட இருக்கலாம். பக்கத்தில் யார் தருகிறார், அவருக்கு யார் தருகிறார், நமக்குத் தருகிறவர் எத்தனை நாளாக நம் பணத்துக்குக் காத்திருக்கிறார் என்று எழுதுங்கள். ‘அவருக்கு யார் தருகிறார்’ என்ற இரண்டாவது கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அதைப் போனில் கேட்டு நிரப்ப வேண்டாம், இந்த வாரம் ஒரு நாள் ஒதுக்கி அந்தச் சப்ளையரின் பட்டறைக்கே போய், சரக்கு எங்கிருந்து வந்து இறங்குகிறது என்று நின்று பாருங்கள்.